கிண்டியை எந்தச் சொற்பட்டியலில் பதிவது?

பழைய வீட்டுச் சாமான்களைப் பதிவேட்டில் ஏற்ற உட்கார்ந்தால் முதல் சிக்கலே பெயர்தான். தண்ணீர் ஊற்றும் மூக்குப் பாத்திரம் ஒன்று, தக்கலையில் எங்களுக்குக் கிண்டி. தமிழ் அகராதியில் கெண்டி. தென்கிழக்காசிய மண்பாண்டங்களைச் சேகரிப்பவர்களும் இதே வடிவத்தைக் கெண்டி என்றுதான் சொல்கிறார்கள். குண்டு வயிறு, பக்கத்தில் ஒரு மூக்கு. கைப்பிடி கிடையாது, கழுத்தைப் பிடித்துச் சரிக்க வேண்டும்.

அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் மூன்று பட்டியல்களில் இதை வைத்துப் பார்த்தேன். ராபர்ட் சென்ஹால் 1978இல் கொண்டுவந்த நோமன்கிளேச்சர், பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்று கேட்கிறது. அரிவாள், மரக்கால் என்றால் வேலை சட்டென முடிந்துவிடும். கிண்டிதான் திணறவைக்கிறது. திண்ணையில் இருந்தால் கால் கழுவ, பூஜையறையில் தீர்த்தம் விட, அடுக்களையில் வாய் படாமல் தண்ணீர் குடிக்க. இதில் எதை முதன்மைப் பயன் என்பது?

ஐகான்கிளாஸ், நெதர்லாந்தின் லைடனில் வான் டி வால் உருவாக்கியது. படத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் அதன் கவலை; வெறும் பாத்திரத்துக்கு அது உதவாது. பத்மநாபபுரம் உப்பிரிகை மாளிகையின் சுவரோவியங்களுக்கு உதவும், ஆனால் மனக்குறையோடு. பைபிளுக்கு ஏழாம் பிரிவு முழுவதும், கிரேக்க ரோமானியப் புராணங்களுக்கு ஒன்பதாம் பிரிவு. கிறித்தவம் அல்லாத மதங்கள் எல்லாமே 12 என்ற ஒரே கிளைக்குள். நம் புராணம் முழுக்க அந்த இடுக்கில்தான் உட்கார வேண்டும். எனக்கு இது பெரிய குறை.

அமெரிக்காவின் கெட்டி (Getty) கலை நிறுவனத்தின் ஆர்ட் அண்ட் ஆர்க்கிடெக்சர் தெசாரஸ் என்ற கலைச் சொற்களஞ்சியத்தைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். அதில் ஒவ்வொரு கருத்துக்கும் 300இல் தொடங்கும் ஓர் எண். அந்த எண்ணுக்குக் கீழே பல மொழிப் பெயர்கள் சேர்ந்து நிற்கலாம். பொருள், அது செய்யப்பட்ட மூலப்பொருள், செயல் மூன்றும் தனித்தனி வரிசை என்பதால் கால் கழுவுவதும் பூஜையும் ஒன்றையொன்று தள்ளாது. 2014 முதல் இதன் தரவு எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. ஒரு சொல்லை எடுக்கும் முன் அதற்கான விளக்கக் குறிப்பைப் படித்தே ஆக வேண்டும். ஈவர் (ewer, கைப்பிடி வைத்த மூக்குப் பாத்திரம்) என்று அவசரமாகப் போட்டால், இல்லாத கைப்பிடி பதிவேட்டில் முளைத்துவிடும். சரியான சொல் அகப்படாவிட்டால் ஒரு படி மேலே உள்ள பொதுச்சொல்லின் எண்ணைப் போடலாம். ஆனால் ஊரில் வழங்கும் பெயருக்கென்று தனிக் கட்டம் வேண்டும், அதுவும் முதல் கட்டமாக.

எங்கள் பதிவேட்டில் இப்போது இப்படி இருக்கிறது: கிண்டி, கெண்டி. வெண்கலம். திண்ணையில் கால் கழுவ வைத்திருந்தது. மூக்கு நுனி நசுங்கியுள்ளது.