மெட்ரோவுக்கு 5 நிமிடம்: திருவொற்றியூர் பக்கம் ஃபிளாட் பார்ப்பவர்கள் கவனத்துக்கு

இங்கே ஃபிளாட் வாங்கி நான் ஏமாந்த பில்டரின் பெயரைப் போட மாட்டேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேஸ் நடக்கிறது, வக்கீல் வாயைத் திறக்காதே என்றிருக்கிறார். பெயர் தெரிந்து பெரிய பிரயோஜனமும் இல்லை. எங்களுக்குச் செய்ததை அப்படியே வேறு பெயரில் செய்ய, எண்ணூர் ஹைரோட்டில் இன்னும் நாலு போர்டு தொங்குகிறது.

நான் பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை. இந்தப் பக்கம் சென்னைக்கு என்னவாக இருந்தது என்று இங்கே இருப்பவனுக்குத் தெரியும். சுத்திகரிப்பு ஆலை மணலியில், குப்பை கொடுங்கையூரில், அனல்மின் நிலையச் சாம்பல் எண்ணூரில், கன்டெய்னர் லாரி எங்கள் வாசலில். பொண்ணு கொடுக்கிறவர்களே "வீடு எங்கே?" என்று கேட்டுவிட்டு ஒரு நிமிடம் யோசிப்பார்கள். அப்புறம் 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ஓட ஆரம்பித்தது. (வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று 1,000 கோடி அறிவித்தது நான் வாங்கிய பிறகு, 2023 பட்ஜெட்டில்.) மூடிக்கிடந்த கம்பெனி இடம், குடோன் இடம் எல்லாவற்றிலும் தகரம் அடித்து, கீழே கடைகள் மேலே வீடு என்று கண்ணாடி பதித்த படத்தை மாட்டிவிட்டார்கள். நம்ம ஏரியாவுக்கும் ஒரு காலம் வந்தது என்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் சதுர அடி 5,200 கொடுத்தேன்.

2021 ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை காலை. சேல்ஸ் பையன் காரை வீட்டுக்கே அனுப்பினான். டோல்கேட், காலடிப்பேட்டை தாண்டி மெட்ரோ ஸ்டேஷனைக் காட்டி, "இங்கேருந்து டைம் பாருங்க சார்" என்றான். பார்த்தேன், நாலரை நிமிடம். இடம் தண்டவாளத்துக்கு மேற்கே. கும்மிடிப்பூண்டி லைன் அது. லோக்கல் ரயில், விஜயவாடா பக்கம் போகும் எக்ஸ்பிரஸ், கூட்ஸ் எல்லாம் அதில்தான். அன்றைக்கு நாங்கள் போகும்போதும் வரும்போதும் ரயில்வே கேட் திறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாரையும் கூட்டிப் போவார்கள் என்பது பின்னால் பக்கத்து வீட்டுக்காரர்களோடு பேசும்போதுதான் தெரிந்தது. வேலை நாளில் காலை எட்டரைக்கு அந்த கேட்டில் நின்று பாருங்கள். ஒரு கூட்ஸ் மொத்தமாகக் கடந்து முடிக்கும், கேட் தூக்குவான் என்று வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் எதிர்ப்பக்கம் லோக்கல் வரும். இருபது நிமிடம் நின்றிருக்கிறேன். பைக்கைச் சாய்த்து கம்பிக்குக் கீழே நுழைத்துக்கொண்டு போகும் காலேஜ் பையன்களைப் பார்த்து அடிவயிறு கலங்கும்.

அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு வருஷக்கணக்காகப் போய் வருகிறவர், அந்தப் பக்கம் மூலை முடுக்கு தெரியும். காரிலிருந்து இறங்கியதும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது பள்ளம்டா. மழைக்கு இந்தப் பக்கம் தண்ணி நிக்கும், கால்வாய் அங்கதான் இருக்கு" என்று மேற்கே கை காட்டினார். சேல்ஸ் பையன் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் பழைய கதைம்மா, நாங்க ரோடு லெவலுக்கு மேல அஞ்சு அடி ஏத்தறோம்" என்றான். நானும் அம்மாவைத்தான் அடக்கினேன். இந்த ஒரு விஷயத்துக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

சரி, ஏமாந்த கதைக்கு வருகிறேன்.

பிரோஷரில் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண் பெரிதாகவே அச்சடித்திருந்தது. நான் ஒன்றும் விவரமில்லாதவன் இல்லை, இணையதளத்தில் போய் அந்த எண்ணைப் போட்டும் பார்த்தேன். புராஜெக்ட் பெயர் வந்தது, பில்டர் பெயர் வந்தது, மூடிவிட்டேன். உள்ளே இருந்த பிளாக் பெயரைப் படிக்கவில்லை. அது முதல் கட்டத்துக்கு வாங்கிய பதிவு, ஏ பிளாக்குக்கு மட்டும். நான் புக் பண்ணியது பி. சட்டப்படி ஒவ்வொரு கட்டமும் தனி புராஜெக்ட், தனியாகப் பதிய வேண்டும், பதியாமல் விளம்பரம்கூட பண்ணக் கூடாது. எங்கள் பிளாக்குக்குப் பதிவு கிடைத்தது நான் பணம் கட்ட ஆரம்பித்து ஏழு மாதம் கழித்து. அதிலும் முடிக்கும் தேதியைத் தங்கள் வசதிக்கு 2025 மார்ச் என்று போட்டுவிட்டார்கள். எங்கள் கையில் இருந்த ஒப்பந்தத்தில் 2023 டிசம்பர். கேட்டால், "அது சேஃப்டிக்குப் போடறது சார்."

ஒப்பந்தம் பதிவு செய்வதற்கு முன்னால் மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. என்னிடம் புக்கிங் ஃபார்ம் என்று ஒரு தாளை மட்டும் கொடுத்துவிட்டு 9 லட்சம் வாங்கினார்கள். வீட்டின் மொத்த விலையே 51 லட்சத்துச் சொச்சம்தான். "ஃபிளாட் போயிடும் சார், மூணு பேர் கேட்டுக்கிட்டு இருக்காங்க." அந்த மூணு பேர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை, எங்கள் மாடியில் இன்னும் நாலு வீடு விற்காமல் இருக்கிறது. பேங்க் லோன் கொடுத்ததும் எனக்கு ஒரு தைரியம். பேங்க் வக்கீல் பார்த்து ஓகே சொல்லியாச்சே என்று. அவர் பார்ப்பது பேங்க் பணம் திரும்ப வருமா என்பதை. வீட்டுக்கு கரண்ட் வருமா என்று அவர் ஏன் பார்க்கப் போகிறார்?

2023 டிசம்பரில், அதாவது சாவி கொடுக்க வேண்டிய மாதத்தில், மிக்ஜாம் புயல் வந்தது. ஆறேழு நாள் கழித்துத்தான் சைட்டுக்குப் போக முடிந்தது. அந்த வெள்ளத் தண்ணீரில் எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் வரைக்கும் போய், மீனவர்கள் படகெல்லாம் கறுப்பானது அப்போது எல்லா டிவியிலும் வந்தது. எங்கள் பார்க்கிங் தூண்களில் என் முட்டிக்குச் சற்று மேலே, கயிறு பிடித்துக் கோடு போட்ட மாதிரி கறுப்பாக ஒரு வரி. ஒரு தூண் விடாமல் ஒரே உயரம். விரலால் தொட்டேன், பிசுபிசுவென்று ஒட்டியது, மூக்குக்குக் கொண்டுபோனால் டீசல் மாதிரி நாற்றம். சைட் இன்ஜினியர், என் வயதில் பாதி இருக்கும், முகத்தை அசைக்காமல் சொன்னான்: "அது ஷட்டரிங் ஆயில் சார். சென்ட்ரிங் பலகை ஒட்டாம இருக்கத் தடவறது." தூண் கான்கிரீட் போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆயில் தடவியிருந்தால் தூண் முழுக்க இருக்கணும், முட்டி வரைக்கும் ஏன் தடவினான்? அடுத்த மாதம் போனால் வெள்ளை அடித்திருந்தார்கள். அதற்கடுத்த மாதம் வெள்ளைக்குள்ளிருந்து அந்தக் கோடு மஞ்சளாக மேலே வந்திருந்தது. மறுபடி அடித்தார்கள். இப்போது மூணு அடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டி, அதற்கும் மெயின்டனன்ஸில் எங்களிடமே வாங்கிவிட்டார்கள்.

2024 ஆவணியில் போன் வந்தது, "நல்ல நாள் பார்த்து சாவி வாங்கிக்கோங்க." போனால் பந்தல், நாதஸ்வரம் ஸ்பீக்கரில், ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு தேங்காய், அதன் மேல் சிவப்பு ரிப்பன் கட்டிய சாவி. வீட்டம்மா பட்டுப்புடவையில் வந்திருந்தார். தட்டை நீட்டுவதற்கு முன் ஒரு பெண் நாலு பக்கத் தாளைக் கொடுத்து, பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். பின்னால் பத்துக் குடும்பம் வரிசையில். போட்டோகிராபர் வேறு, "சார் இங்க பாருங்க" என்கிறான். போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து படித்தால், கட்டடம் முழு திருப்தியாக முடிந்தது, தாமதம் தொடர்பாக எந்த இழப்பீடும் கோர மாட்டேன் என்று இருக்கிறது. தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கும் உரிமை ரெரா சட்டத்தின் 18ஆம் பிரிவில் இருக்கிறது. ஸ்டேட் பேங்க் கடன் வட்டிக்கு மேல் 2 சதவீதம் என்று தமிழ்நாடு விதியில் போட்டிருக்கிறது. அதைத் தேங்காயோடு சேர்த்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டில் லைட் எரிந்தது, அதனால் நான் வேறெதையும் கேட்கவில்லை. முதல் கரண்ட் பில் வந்தபோதுதான் முழித்துக்கொண்டேன். மின்வாரியத்தில் இருந்து வரவில்லை, பில்டர் ஆபீஸில் இருந்து ஒரு எக்செல் தாள். கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பில் இருந்து எழுபது வீட்டுக்கும் சப்-மீட்டர் போட்டு ஓட்டுகிறார்கள். அதற்கு யூனிட் விலை வீட்டு இணைப்பைவிட ரொம்ப அதிகம், அரசு கொடுக்கும் இலவச யூனிட்டும் கிடையாது. வாரிய அலுவலகத்துக்குப் போய் வீட்டு இணைப்பு கேட்டால், "பணி நிறைவுச் சான்று கொண்டு வாங்க" என்றார் அங்கிருந்த அம்மா. அது எங்கே? வரவில்லை. ஏன் வரவில்லை?

இங்கேதான் கடைகள் வருகின்றன. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் கொடுத்த வரைபடத்தில் தரைத்தளம் முழுக்க பார்க்கிங், ரோட்டை ஒட்டி விருந்தினர் வண்டி நிறுத்தும் இடம். கட்டியபோது ரோட்டோரம் பதினொரு ஷட்டர் இறக்கி, கடை என்று விற்றுவிட்டார்கள். வரைபடத்தில் இல்லாத கடை இருக்கும்வரை நிறைவுச் சான்று கிடையாது. சான்று இல்லாமல் கரண்ட் கிடையாது, மெட்ரோ வாட்டர் என்கிற குடிநீர் வாரிய இணைப்பு கிடையாது, பாதாளச் சாக்கடை இணைப்பு கிடையாது. லாரியில் தண்ணீர் வாங்கி, லாரியில் கழிவை வெளியேற்றுகிறோம். இரண்டு லாரியும் ஒரே நேரத்தில் வந்தால் யார் முதலில் ரிவர்ஸ் எடுப்பது என்று சண்டை. போர் தண்ணீரைப் பற்றிக் கேட்காதீர்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. எங்கள் குழாயில் மீட்டரை விட்டால் 3,000க்குப் பக்கத்தில் காட்டுகிறது, கீசர் எட்டு மாதத்தில் போய்விட்டது.

அந்தப் பதினொன்றில் ஒரு கடை என் மாமனாருடையது. துறைமுகத்தில் ரிட்டயர் ஆன பணம். "மாசம் 18,000 வாடகை உத்தரவாதம், மூணு வருஷத்துக்கு எழுதித் தர்றோம் ஐயா" என்று சொல்லி வாங்க வைத்தார்கள். ஏழு மாதம் கரெக்டாக வந்தது. எட்டாவது மாதம் நின்றது. அந்த ஏழு மாதமும் ஷட்டர் திறக்கவே இல்லை, வாடகைக்கு யாரும் வந்ததும் இல்லை, அவர் கட்டிய பணத்தில் இருந்தே அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கடையைத் திறந்து, பெருக்கி, சேர் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்.

மூன்றாவது மாடியில் ஒரு ரிட்டயர்ட் பேங்க்காரர் இருக்கிறார். சும்மா இருக்க முடியாதவர். அவர்தான் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் எடுத்து (பார்ப்பதற்குக் காசு கூடக் கிடையாது), எங்கள் பிளாக் நிலத்தில் இருந்து யார் யாருக்கு எத்தனை சதுர அடி பாகம் (வீட்டோடு சேர்த்து எழுதித் தரும் நிலப் பங்கு) எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் வரிசையாக எழுதிக் கூட்டினார். இடம் 12 கிரவுண்ட், அதாவது 28,800 சதுர அடி. எழுதிக் கொடுத்தது 30,150. இன்னும் விற்காத வீடு வேறு இருக்கிறது. "கூடுதலா 1,350 அடி எங்க இருக்கு, கால்வாய்க்குள்ளயா?" என்று கேட்டார். கடைகளுக்குக் கொடுத்த நிலம் எங்கள் பாகத்துக்குள் இருந்து வந்திருக்கிறது. அந்த நோட்டு இப்போது எங்கள் மனுவோடு இணைப்பு.

வாங்குவதாக இருந்தால் என்ன பார்க்கணும் என்று நிறைய பேர் கேட்கிறார்கள். ரெரா பக்கத்தில் உங்கள் பிளாக், உங்கள் மாடி, முடிக்கும் தேதி மூன்றையும் படியுங்கள், எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஒப்புதல் வரைபடத்தின் நகலை வாங்கி தரைத்தளத்தை மட்டுமாவது சைட்டில் நின்று ஒப்பிடுங்கள், கடை இருந்தால் வரைபடத்தில் எங்கே என்று கேளுங்கள். பிரோஷரில் 985 சதுர அடி என்பார்கள், என் வீட்டில் கால் வைக்க முடிகிற இடம் 668. திறந்தவெளி பார்க்கிங்கைத் தனியாக விற்க முடியாது, அது எல்லாருக்கும் பொது. என்னிடம் அதற்கும் 2 லட்சம் வாங்கியிருக்கிறார்கள். நிறைவுச் சான்று இல்லாமல் சாவி வாங்காதீர்கள், எந்தத் தாளையும் அங்கேயே நின்று கையெழுத்துப் போடாதீர்கள், நாதஸ்வரம் வாசித்தாலும் சரி. அப்புறம் பக்கத்துத் தெருவில் டீக்கடை வைத்திருப்பவரிடம் 2015லும் 2023லும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். ஒரு டீ காசுக்கு இதைவிட நல்ல இன்ஜினியர் ரிப்போர்ட் கிடைக்காது.

நாங்கள் முப்பத்தோரு குடும்பம் சேர்ந்து மனு போட்டிருக்கிறோம். மற்றவர்கள் ஏன் சேரவில்லை என்றால், கேஸ் என்று தெரிந்தால் வீட்டு விலை போய்விடும், விற்றுவிட்டு ஓடிவிடலாம் என்று பார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. ஆனால் அப்படி விற்பவரிடம் வாங்கப் போவது உங்களில் யாராவதாகத்தான் இருக்கும். சாவி அன்று போட்ட கையெழுத்து செல்லாது என்று வக்கீல் வாதாடுகிறார், நிறைவுச் சான்றே இல்லாமல் முழு திருப்தி எப்படி என்று. மூன்று விசாரணை முடிந்திருக்கிறது, இரண்டில் அந்தப் பக்கம் வாய்தா வாங்கினார்கள்.

போன வாரம் கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் புது போர்டு. சி பிளாக்காம். அதே கண்ணாடி, அதே மரங்கள், "மெட்ரோவுக்கு 3 நிமிடம்." எங்களுக்கு 5 சொன்னார்கள், அதற்குள் ஸ்டேஷன் இரண்டு நிமிடம் நடந்து வந்துவிட்டது போலிருக்கிறது. அதில் புக் பண்ணலாமா என்று யோசிப்பவர் யாராவது இருந்தால், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் காரில் போகாமல் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு உங்கள் வண்டியில் வாருங்கள். கேட் மூடித்தான் இருக்கும், இடது பக்கம் நீல ஹெல்மெட்டில் நான் நிற்பேன், அவசரமில்லாமல் பேசலாம்.