27,500 ரூபாய்க்கு ஒரு பட்டன் பேட்டரி: பழைய சிந்தசைசர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு மூடியைக் கழற்றிப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 27,500 ரூபாய் போச்சு. கடைசியில் சில யோசனைகளும் சொல்கிறேன், உங்களில் ஒருவராவது தப்பிக்கட்டும்.

கடைப் பெயரைப் போடவில்லை. கீழே, சமவெளியில், கீபோர்டு, மிக்ஸர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ரிப்பேர் பார்க்கும் கடை. அவ்வளவு போதும்.

என்னிடம் இருப்பது ரோலண்ட் ஜூனோ 106, சத்தங்களை நாமே உருவாக்கி வாசிக்கும் கீபோர்டு, அதாவது சிந்தசைசர். 1984 இல் வந்த மாடல். சித்தப்பா மஸ்கட்டில் வேலை பார்த்தபோது வாங்கியது. ஊர் திரும்பும்போது கம்பளியில் சுற்றிக் கோத்தகிரி வரை கொண்டுவந்து சேர்த்தார். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் என்றால் ஜீப்பில் முதலில் ஏறுவது அதுதான், அப்புறம்தான் ஆட்கள். 2019 இல் சித்தப்பா போனார், பெட்டி என்னிடம் வந்தது. நான் தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுபவன். இலை வாட்டும் கூடத்து விசிறிகள் போடும் ‘ஊம்’ சத்தத்தைச் சின்ன ரெக்கார்டரில் பிடித்து வருவேன். தகரக் கூரையில் மழை விழுவதைப் பிடிப்பேன். அதன்மேல் ஜூனோவில் சில சுரங்களைச் சேர்த்து அழுத்தி நீளமாக ஒரு கார்டு (chord). கேட்பவர்கள் மொத்தம் பதினைந்து பேர் இருப்பார்கள், அதில் மூன்று பேர் என் வீட்டு ஆட்கள்.

இந்தப் பெட்டிக்கு ஒரே நேரத்தில் ஆறு சுரம் ஒலிக்கும். ஒவ்வொரு சுரத்தையும் ஒலிக்கும் பகுதியை வாய்ஸ் என்பார்கள். ஆறு வாய்ஸுக்கும் ஆறு சிப், 80017ஏ என்று பெயர். உள்ளே போர்டில் வரிசையாக நின்றுகொண்டிருக்கும். அவற்றின்மேல் கறுப்பாகப் பிசின் பூசியிருப்பார்கள். வருஷம் ஆக ஆக அந்தப் பூச்சே கெட்டு மின்சாரத்தைக் கசியவிடும். முதலில் கரகரப்பு, அப்புறம் அந்த வாய்ஸ் ஊமை. உலகத்தில் ஜூனோ 106 வைத்திருப்பவர்கள் எல்லோரும் புலம்புவது இதைத்தான். எனக்குப் போன வருஷம் நான்காவது வாய்ஸ் போனது.

போனஸ் வந்ததும் கிளம்பினேன். பத்து கிலோ பெட்டியைப் பெட்ஷீட்டில் கட்டி, மேட்டுப்பாளையம் பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் மடிமேல் வைத்துக்கொண்டு இறங்கினேன். கண்டக்டர், “என்னங்க, ஆர்மோனியமா?” என்று கேட்டு அதற்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

கடைக்காரர் என்னைக் கவிழ்த்தது எங்கே தெரியுமா? நான் வாயைத் திறப்பதற்கு முன்னாடியே, “நூத்தி ஆறுங்களா? 80017 போயிருக்குமே தம்பி” என்றார். அவ்வளவுதான், நான் சரண். மலையில் இந்தச் சிப்பின் பெயரைச் சொன்னால் என்னைப் பைத்தியம் போலப் பார்ப்பார்கள். இந்த மனுஷன் தானாகச் சொல்கிறார். அப்புறம் டீ வந்தது. “கோத்தகிரியா? கைகாட்டியில நம்ம சொந்தக்காரங்க இருக்காங்க” என்றார். “ஒண்ணு மட்டும் மாத்துனா அடுத்த வருஷம் இன்னொண்ணு போகும், மறுபடி தூக்கிட்டு வருவீங்க. ஆறையும் புதுசா போட்டுருவோம். நிம்மதியா போங்க தம்பி.” நியாயமாகத்தானே இருக்கிறது! சிப் ஒன்று 3,000 வீதம் 18,000, வேலைக்கூலி 6,500, சிப்பை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க 3,000. மொத்தம் 27,500. முழுசும் முன்பணம். ஜிபேயில் வந்த பெயர் வேறு யாருடையதோ. “மச்சான் நம்பருங்க” என்றார். பில் கேட்டதற்கு, “டெலிவரி அப்ப தர்றேன்.” தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் என்றவர் ஏழு வாரம் இழுத்தார். போய் எடுத்த அன்று மாலை நாலரை மணி, இருட்டுவதற்குள் மலை ஏற வேண்டும் என்ற பதற்றம் எனக்கு. பெட்டியைப் பெரிய ஸ்பீக்கரில் மாட்டி, ஒரே ஒரு விசையை அழுத்தினார். கடையே அதிர்ந்தது. “பாத்தீங்களா தம்பி, ஆறும் எப்படிக் கத்துது!” கூடவே, “மெமரி பேட்டரியும் புதுசா போட்டுட்டேன், அதுக்குக் காசு வேண்டாம்.” நான் நன்றி வேறு சொன்னேன்.

வீட்டுக்கு வந்து முதலில் தட்டியது மெமரியில் பி 35 என்ற இடம். சித்தப்பா தானே செய்து வைத்த சத்தம் அது. பித்தளை மாதிரி மெதுவாக எழும்பி, குளிரில் வாயிலிருந்து ஆவி போவது போலக் கலையும். கேரலுக்கு எப்போதும் அதுதான். அழுத்தினால் ஏதோ கீச்சென்று ஒரு குப்பைச் சத்தம். பி 36, அதுவும் குப்பை. ஏ 11 இலிருந்து பி 88 வரை 128 இடமும் போயிருந்தது. உள்ளே இருக்கிற சிஆர் 2032 பேட்டரிதான் அந்த 128 சத்தங்களையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதைக் கழற்றினால் எல்லாம் அழியும். கழற்றுவதற்கு முன் டேப் சாக்கெட் வழியாகப் பதிந்து வைத்துக்கொள்ள அந்தப் பெட்டியிலேயே வசதி இருக்கிறது. சிப் பெயரை மனப்பாடமாகச் சொன்னவருக்கு இது தெரியாதா? சரி, நானும்தான் இத்தனை வருஷமாகப் பதியாமல் வைத்திருந்தேன். அந்த எரிச்சல் தனி.

அப்புறம் கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திக்கொண்டே பவர் போட்டேன். அப்படிச் செய்தால் எந்த வாய்ஸ் ஒலிக்கிறது என்று சின்னத் திரையில் எண் வரும். 1 சரி. 2 ஊமை. 3 சரி. 4 ஊமை. கொடுத்தபோது ஒன்று போயிருந்தது, வாங்கும்போது இரண்டு! கடையில் எப்படி அதிர்ந்தது என்று யோசித்தபோதுதான் உறைத்தது. பாலி 1, பாலி 2 இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால் எல்லா வாய்ஸும் ஒரே சுரத்தைப் பாடும். அதில் இரண்டு ஊமையாக இருந்தாலும் காதுக்குத் தெரியாது. அந்த ஆள் அப்படித்தான் போட்டுக் காட்டியிருக்கிறார்.

போன் செய்தேன். முதல் நாள்: “உங்க ஊரு ஈரமுங்க, பனி ஏறியிருக்கும். வெயில்ல வைங்க.” இரண்டாம் நாள்: “கொண்டை ஊசி வளைவுல பஸ்ல ஆட்டிட்டுப் போனா என்னாகும்?” மூன்றாம் நாள்: “பையன்தான் பண்ணுனான், கேட்டுச் சொல்றேன்.” பையன் லீவாம். பில் கேட்டேன், நீல டிக் மட்டும் வந்தது. ஒரு வாரம் கழித்துத் தங்கச்சி போனிலிருந்து கூப்பிட்டால், “நாப்பது வருஷத்துச் சாமான், உயிரோட இருக்கறதே பெருசு. இதுக்குப் போயி இத்தனை போனா?” என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். இப்போது அந்த நம்பரும் பிளாக்.

நேற்று ராத்திரி திறந்தேன். ஆறு சிப்பும் அதே பழைய கறுப்புச் சிப். கொண்டு போவதற்கு முன் எடுத்த போட்டோவில் மூன்றாவது சிப்பின் மூலை சின்னதாக உடைந்திருக்கும். அதே உடைசல், அதே இடம். இரண்டாவதற்குக் கீழே மட்டும் சால்டர் கருகி, போர்டின் செம்புப் பட்டை தோலுரிந்து நிற்கிறது. கழற்றப் பார்த்து, கெடுத்து, அப்படியே அமுக்கி வைத்திருக்கிறார்கள். புதுசாக இருந்தது அந்தப் பட்டன் பேட்டரி ஒன்றுதான். பெட்டிக்கடையில் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். அதற்கு நான் கொடுத்தது 27,500.

யோசனை சொல்கிறேன் என்றேன். இப்போது தோன்றுவது இதுதான். எதைக் கொடுத்தாலும் முதலில் மெமரியைப் பதிந்து வையுங்கள். மூடியைத் திறந்து போட்டோ எடுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள், அதுவும் மச்சான் நம்பருக்கு. பில் இல்லாமல் இறங்காதீர்கள். பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். வாங்கும்போது நீங்களே ஒவ்வொரு வாய்ஸாகத் தட்டுங்கள், பஸ் போனால் போகட்டும். நுகர்வோர் உதவி எண் 1915, காலையில் கூப்பிட்டுப் பதிந்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. ஜிபே ரசீதும் போட்டோவும்தான் என் கையில் இருக்கும் சாட்சி.

மத்தியானம் பஜாரில் மொபைல் ரிப்பேர் பார்க்கும் நண்பனிடம் போர்டைக் கொண்டுபோனேன். பத்து நிமிஷத்தில் நான்காவது சிப்பை நோகாமல் எடுத்துக் கொடுத்தான், காசு வாங்கவில்லை. அசிட்டோனில் ஓரிரு நாள் ஊறினால் அந்தப் பிசின் உரிந்து வரும், பல பேருக்குச் சிப் அப்படியே பிழைத்திருக்கிறது. இப்போது ஜன்னல் ஓரத்தில் ஊறுகாய் பாட்டிலில் மிதக்கிறது. பி 35 ஐத்தான் எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று தெரியவில்லை. பழைய கேரல் கேசட் யார் வீட்டிலாவது இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக் கேட்டுச் செய்துபார்க்கிறேன்.