48,000 ரூபாய் போச்சு: பீரியட்ஸ் நின்னவங்களுக்கு லேசர்னு சொன்னா நம்பாதீங்க

"பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாது மேடம்"னு இன்னைக்குக் காலையில லேசர் கிளினிக்ல இருந்து மெசேஜ் வந்துச்சு. அதுக்கு நான் எழுதின பதில் போகவே இல்ல, பிளாக் பண்ணிட்டாங்க. 48,000 ரூபாய்ங்க. வீட்டுல உக்காந்து கொலுசுக்கு மணி வச்சு, அந்தக் கூலியில சீட்டு கட்டி எடுத்த காசு.

விஷயம் கூச்சமானதுதான். இருந்தாலும் சொல்றேன். பீரியட்ஸ் நின்னதுக்கப்புறம் எனக்குக் கீழே வறட்சி, எரிச்சல். வீட்டுக்காரரோட சேர்ந்தா பிளேடு போட்ட மாதிரி வலி. அடிக்கடி யூரின் இன்ஃபெக்‌ஷன் வேற. அவரு பாவம், கிட்ட வரவே பயந்துட்டாரு.

சேலம் டவுன்ல முகப்பரு, முடி உதிர்வு எல்லாத்துக்கும் லேசர் பண்ற கிளினிக் ஒண்ணு. "பெண்களின் அந்தரங்கப் பிரச்சினைக்கு வலியில்லாத் தீர்வு"ன்னு விளம்பரம் பார்த்துத்தான் போனேன். கவுன்சிலர்னு ஒரு பொண்ணு, என் மக வயசு இருக்கும். கதவைச் சாத்திட்டு, தண்ணி குடுத்து, பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துச்சு. "அம்மா, இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லாம மனசுக்குள்ளயே வச்சிருந்தீங்களாம்மா?"ன்னு கேட்டுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பெத்த அம்மா, கூடப்பொறந்தவ, ஒருத்தரும் என்னை அப்படிக் கேட்டதில்லீங்க. அந்த நிமிஷம் அது என்ன சொன்னாலும் கேட்டிருப்பேன்.

அப்புறம் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அம்மா வந்தாங்க. பரிசோதனையே பண்ணல. "ஹார்மோன் க்ரீம் போட்டா கேன்சர் வரும், லேசர்தான் சேஃப். மூணு சிட்டிங். இன்னைக்கே கட்டினா 48,000, நாளைக்கு 65,000"ன்னாங்க. அங்கயே உக்காந்து ஜிபே பண்ணேன்.

முதல் சிட்டிங் முடிஞ்சு எரிச்சல் தாங்கல. போன் பண்ணா, "ஆறும்போது அப்படித்தான் இருக்கும்." மூணும் முடிஞ்சும் அதே வறட்சி, அதே வலி. "உங்க வயசுக்கு இன்னும் மூணு சிட்டிங் வேணும் மேடம்." டாக்டரைக் கேட்டா பெங்களூர்ல கான்ஃபரன்ஸ். மேனேஜரைக் கேட்டா மீட்டிங்.

நேர்லயே போனேன். முடி கொட்டுதுன்னு வந்த வாலிபப் பசங்க வரிசையா உக்காந்திருக்காங்க. ரிசப்ஷன்ல இருந்தவ சத்தமா, "நீங்க எந்தப் பார்ட்டுக்கு ட்ரீட்மென்ட் எடுத்தீங்க மேடம்?"ங்கறா. வாயடைச்சுப் போய் வெளிய வந்துட்டேன். அவங்களுக்கு நல்லாத் தெரியும், இந்த வயசுப் பொம்பள நாலு பேர் முன்னாடி வாய் திறக்க மாட்டான்னு. அந்த வெட்கத்தை வச்சுத்தான் கல்லா கட்டறாங்க. ரசீதுலயும் "ஸ்கின் பேக்கேஜ், 48,000"னு மட்டும்தான் இருக்கு.

நர்ஸா இருக்கிற என் தங்கச்சி மக விஷயம் கேட்டுத் திட்டினா. "பெரியம்மா, லேசரை இதுக்குப் பயன்படுத்தறது பாதுகாப்புன்னு நிரூபணம் ஆகலை, தீக்காயம், தழும்பு, தீராத வலி வரலாம்னு அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவியெல்லாம் கண்காணிக்கிற அரசு அமைப்பு எஃப்.டி.ஏ. 2018 ஜூலையிலயே எச்சரிச்சிருக்கு"ன்னா. 2021-ல ஆஸ்திரேலியாவுல பண்ண ஆராய்ச்சியில பாதிப் பேருக்கு நிஜ லேசர், மீதிப் பேருக்கு லேசர் மாதிரி வெறும் பாவனை. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா ரெண்டு கூட்டத்துக்கும் பெரிசா வித்தியாசமே இல்லையாம். பாவனைக்கு 48,000 குடுக்கணுமா நானு?

அவதான் ஜி.எச். மகளிர் ஓ.பி.க்குக் கூட்டிட்டுப் போனா. அங்க டாக்டரம்மா முதல்ல பரிசோதிச்சாங்க, அப்புறந்தான் பேச்சு. பீரியட்ஸ் நின்னப்புறம் ஈஸ்ட்ரோஜன்கிற பெண் ஹார்மோன் குறைஞ்சா பிறப்புறுப்போட உள்பக்கத் தோல் மெலிஞ்சு, ஈரமும் இழுபடற தன்மையும் போயிருமாம். அங்க இருக்கிற நல்ல பாக்டீரியாவும் குறையறதாலதான் யூரின் இன்ஃபெக்‌ஷன். சிலருக்கு வாரத்துல ரெண்டு மூணு தடவை அந்த இடத்துக்குன்னே இருக்கிற மாய்ஸ்சரைசர், சேரும்போது வழுவழுப்பு ஜெல், இதுவே போதுமாம். எனக்கு ஈஸ்ட்ரியால்கிற ஹார்மோன் க்ரீம் எழுதினாங்க. ரெண்டு வாரம் தினமும் ராத்திரி உள்ள வைக்கணும், அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை. கேன்சர் பயத்தைச் சொன்னேன். இவ்வளவு குறைஞ்ச அளவுல ரத்தத்துல கலக்கறது ரொம்பக் கம்மி, மார்பகப் புற்றுநோய் வந்தவங்க மட்டும் தங்களோட கேன்சர் டாக்டரைக் கேட்டுட்டுத்தான் போடணும்னாங்க. முழுப் பலன் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகலாமாம். மெடிக்கல்ல சில நூறு ரூபாய்தான் ஆச்சு!

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், கோவத்துல ஓடமாட்டேங்குது. பரிசோதிக்காம பேக்கேஜ் பேசினா எழுந்து வந்துருங்க. டாக்டரோட மெடிக்கல் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்க. மொத்தப் பணத்தை முன்னாடியே கட்டாதீங்க. சோப்பு, டெட்டால் போட்டு உள்ள கழுவாதீங்க. பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷம் ஆனப்புறம் ரத்தம் பட்டா, கொஞ்சமா இருந்தாலும் உடனே டாக்டர்கிட்ட போங்க.

1915 நுகர்வோர் எண்ணுக்குப் போன் போட்டு, என்ன ட்ரீட்மென்ட்னு நானே வாயால சொல்லிப் புகார் குடுத்தாச்சு. ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், அந்த விளம்பரம் எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். அதே இடத்துல காசு விட்டவங்க இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, சேர்ந்து நுகர்வோர் கோர்ட்டுக்குப் போலாம்.