காவல் நிற்பது யார், தூங்குவது யார்: சென்சார் வலையமைப்புக்கு மூன்று வழிகள்

சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டோரத்தில் ஒரு காய்கறித் தோட்டம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீண்டவால் குரங்குகள் நுழைய மூன்று வழிகள். மின்கம்பி கிடையாது, பேட்டரியில் ஓடும் அசைவு சென்சார்கள்தான் காவல். இவை செய்தி அனுப்பும்போது மட்டும் மின்சாரத்தைத் தின்பதில்லை. ஆய்வுக்கூடங்களில் பரவலாகப் புழங்கிய சிசி2420 ரேடியோ சில்லு, சும்மா காது கொடுத்துக் காத்திருக்கவே சுமார் 19 மில்லி ஆம்பியர் கேட்கும். அனுப்புவதற்கு அதைவிடச் சற்றுக் குறைவு. ஆகவே தூங்கவைத்தால்தான் சிக்கனம்.

2003இல் வந்த ‘பீஸ்’ முறை மிக எளிமையானது. தூங்கி எழும் சென்சார், பக்கத்தில் யாராவது காவல் இருக்கிறார்களா என்று குரல் கொடுக்கும். பதில் வந்தால் மறுபடியும் தூங்கும். வராவிட்டால் தன் பேட்டரி தீரும்வரை தானே நிற்கும். வரைபடம் வேண்டாம், தலைவன் வேண்டாம். ஆனால் ஒன்று செயலிழந்து அடுத்தது கண்விழிக்கும் வரை அங்கே காவல் இல்லை. முழுப் பரப்பும் மூடப்படும் என்ற உறுதியும் இல்லை.

2005இன் ‘ஓஜிடிசி’ என்ற முறை வடிவியலை நம்புகிறது. ஒவ்வொரு சென்சாரும் ஒரு வட்டத்தைப் பார்க்கிறது என்று கொண்டு, இரண்டுக்கும் இடையே ஆரத்தைப் போல் 1.73 மடங்கு இடைவெளி விட்டால் மிகக் குறைந்த எண்ணிக்கையில் பரப்பை மூடலாம் என்கிறது. கணக்கு அழகானது. வாழையிலை மறைக்கும் இடத்தில் வட்டம் ஏது? இங்கே அது உதவாது.

என் தேர்வு மூன்றாவது: எல்லா வழிகளையும் சேர்ந்து பார்க்கும் குழுக்களாகப் பிரித்து முறைவைப்பது. ‘அ’ சென்சார் முதல் இரண்டு வழிகளையும், ‘ஆ’ இரண்டாவது மூன்றாவதையும், ‘இ’ மூன்றாவது முதலாவதையும் பார்க்கின்றன. ஒவ்வொன்றும் 30 நாள் தாங்கும். ஒரு சென்சார் ஒரே குழுவில்தான் இருக்க வேண்டுமென்றால், ‘அ’வும் ‘ஆ’வும் 30 நாள் நிற்கும், பிறகு தனித்து நிற்கும் ‘இ’யால் இரண்டாம் வழியைப் பார்க்க முடியாது. மாறாக அ-ஆ, ஆ-இ, இ-அ என்று 15 நாள் வீதம் மாற்றினால் 45 நாள் கிடைக்கிறது. அதே பேட்டரிகள்தான்! சென்சார்கள் ஆயிரக்கணக்கில் பெருகினால் இப்படிச் சிறந்த அட்டவணை தேடுவது மிகக் கடினமான கணக்காகிவிடும். ஒரு தோட்டத்துக்கு மடிக்கணினியே போதும்.

ஆனால் சிங்கப்பூரின் பிற்பகல் இடிமழையில் ஒரு பெட்டிக்குள் நீர் புகுந்தால், அட்டவணைக்கு அது தெரியாது. அதனால் பீஸிடமிருந்து ஒன்றைக் கடன் வாங்குவேன்: தூங்கும் சென்சாரும் நாளுக்கு ஓரிரு முறை எழுந்து குரல் கொடுக்கட்டும், பதில் வராவிட்டால் முறை பார்க்காமல் காவலுக்கு வரட்டும்.

இன்னொன்று, இந்த மூன்று முறைகளும் தொடாதது. இந்தக் குரங்குகள் பகலில் நடமாடுபவை. இங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்கு விடிந்து ஏழு மணிக்கு இருட்டுகிறது. இரவில் எல்லாச் சென்சார்களும் தூங்கட்டும். 45 நாள் ஏறத்தாழ 90 ஆகும்.