விடுதியில் உடம்புக்கு முடியவில்லை என்றால்: சிக்ரூமா, லாலியா, கோயம்புத்தூரா?

அக்காள் மகள் ஜூன் மாதம் குன்னூரில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்கிறாள். விடுதியில் காய்ச்சல் வந்தால் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று அக்காள் தினமும் கேட்கிறாள். அதே மலையில் மூன்று வருடம் விடுதிச் சோறு தின்றவள் நான்.

கல்லூரி சிக்ரூமிலிருந்து தொடங்குகிறேன். எங்களுடையதில் நான்கு கட்டில்கள், கனத்த கம்பளிகள், நர்ஸ் படிப்பு முடித்த ஒரு சிஸ்டர். காசு கிடையாது. குழைந்த சோறும் மிளகு ரசமும் கட்டிலுக்கே வரும். நடுராத்திரி வாந்தி எடுத்தால் முதுகைத் தடவிவிட ஆள் உண்டு. சளிக்கும் மாதவிடாய் வலிக்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அந்தச் சுகத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. என் அறைத்தோழிக்கு வலப்பக்க அடிவயிற்றில் வலி. மாதவிடாய் வலிதான் என்று வெந்நீர்ப் பையைக் கொடுத்துப் படுக்கவைத்தார்கள். காலை நீட்ட முடியாமல் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கிடந்தாள். குளிரில் ஒடுங்குகிறாள் என்று நாங்கள் இன்னொரு கம்பளியைப் போர்த்தினோம். ஒன்றரை நாள் கழித்துத்தான் குடல்வால் வீக்கம் என்று தெரிந்தது. சிக்ரூமில் பராமரிப்பு கிடைக்கும். நோய் இன்னதென்று சொல்ல டாக்டர் வேண்டும். ஓர் இரவுக்கு மேல் அங்கே படுக்கக் கூடாது என்பது என் கணக்கு.

அடுத்தது குன்னூரிலேயே இருக்கும் லாலி அரசு மருத்துவமனை. காலை வரிசையில் நின்றால் அன்றைய வகுப்பு போனது என்று வைத்துக்கொள்ளலாம். வருகைப் பதிவுக்குப் பயந்தே பல பெண்கள் போவதில்லை. ஆனால் நாய் கடித்தால் மறுயோசனையே கூடாது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, நேராக அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். தடுப்பூசி இலவசம். முதல் ஊசி போட்ட நாளிலிருந்து எண்ணி 3, 7, 28ஆம் நாட்களில் மறுபடி போக வேண்டும். குரங்கு கீறினாலும் அலட்சியம் வேண்டாம். வெறிநாய்க்கடி சிகிச்சைக்கென்றே தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இருக்கும் ஊரில் படித்துக்கொண்டு இதைத் தெரியாமல் இருப்பது வெட்கம்.

தனியார் கிளினிக்கில் மாலையிலும் பார்ப்பார்கள், காசு வாங்குவார்கள். அவ்வளவுதான்.

அறுவைச் சிகிச்சை என்றால் எங்கள் காலத்தில் எல்லோர் வாயிலும் ஒரே சொல்: கோயம்புத்தூர். சுமார் எழுபது கிலோமீட்டர் இறக்கம். ஐப்பசி கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. இப்போது ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 700 படுக்கைகளோடு 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டுவிட்டது. குன்னூரிலிருந்து இருபது கிலோமீட்டர்கூட இல்லை. அவசரம் என்றால் மேலே ஏறுவதே புத்தி. நாள் குறித்துச் செய்யும் சிகிச்சைக்குக் கோவை போகலாம், பெற்றோர் வந்து போகவும் வசதி. இரண்டில் எதுவானாலும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையின் நகல் பிள்ளையின் பெட்டியில் இருக்கட்டும்.

108ஐ யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். வண்டி வந்த பிறகு விடுதி வாசல் திறக்க வேண்டுமே! வெளியே காட்டெருமை நின்றால் அது வேறு தாமதம். சேர்க்கை அன்று கட்டண ரசீது வாங்கிய கையோடு வார்டனிடம் ஒன்றைக் கேட்டுவிடு என்று அக்காளிடம் சொல்லியிருக்கிறேன்: இரவு பதினொரு மணிக்கு வாசலைத் திறக்க யார் கையெழுத்துப் போடுவார்கள்? என் தோழிக்கு அந்தக் கையெழுத்து விடிந்த பிறகுதான் கிடைத்தது.