அப்பாவின் ஈஎக்ஸ்5: ஏழு வருஷத் தூக்கம், ஒன்றரை வருஷ ஓட்டம்

அப்பாவுக்கு முட்டி வலி வந்த பிறகு அவருடைய ஹோண்டா ஈஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள், மலேசியாவில் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் வீட்டுப் போர்ச்சிலேயே ஏழு வருஷம் நின்றுவிட்டது. கடல் பக்கம். உப்புக்காற்று செயினைத் தின்றிருந்தது, எக்சோஸ் வாயில் குளவி மண் வைத்திருந்தது. "ரெண்டு உதை போதும்யா, எழும்பிடும்" என்றார் அப்பா.

எழும்பியும் விட்டது. டேங்கில் வார்னிஷ் நாற்றத்தோடு கிடந்ததைக் கொட்டிவிட்டுப் புது பெட்ரோல் ஊற்றி, பிளக் மாற்றி, மூன்றாவது உதை. அதுதான் வினை. சத்தம் கேட்ட குஷியில் தாமான் (குடியிருப்பு) சந்தி வரை ஓட்டினேன். பிரேக் பிடித்தபோது முன் கேபிள் அறுந்து லீவர் கையோடு வந்தது. பின் பிரேக்கை மிதித்தால் டயர் வழுக்கிக்கொண்டே போய் லோங்கான் (சாக்கடை) ஓரத்தில் நின்றது. ரோட் டேக்ஸ்கூட இல்லாமல் போனது தனி மடத்தனம்.

டயரைப் பார்த்து "புங்கா இன்னும் இருக்கே, ஓடும்" என்றார் ஒரு கடைக்காரர். புங்கா என்றால் டயரின் மேல் வெட்டு. புங்காவை வைத்து டயரை எடை போடவே கூடாது. பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம்தான் கணக்கு. என்னுடையதில் 3213, அதாவது 2013ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். ரப்பர் கட்டையாகியிருந்தது. இரண்டு டயர், டியூப், பிரேக் கேபிள், பிரேக் ஷூ, வீல் பேரிங் எல்லாம் புதுசு. பிரேக் டிரம்மைத் திறந்தால் ஷூவிலிருந்து லைனிங் தனியாகக் கழன்று நின்றது. ஓடும்போது அது சிக்கியிருந்தால் சக்கரம் அப்படியே பூட்டியிருக்கும்.

இன்ஜின் பக்கம் பக்கத்துப் பிறை ஊருக்கு அந்தப்புறம் இருக்கும் ஒரு சீன அங்கிள் கைகொடுத்தார். நான் உதைத்து ஸ்டார்ட் செய்தேன் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். "ஜாங்கான் ஸ்டார்ட் டூலுலா!" (உடனே ஸ்டார்ட் பண்ணாதே!) பிளக் துளையில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கிக்கரைக் கையால் மெல்லச் சுற்றிய பிறகுதான் உதைக்கணுமாம். காய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் ரிங் உரசினால் கோடு விழும். பழைய இன்ஜின் எண்ணெயை மாற்றி, பத்து நிமிஷம் ஓட்டி, மறுபடியும் மாற்றச் சொன்னார். ஒரு லிட்டர் போத்தலே மிஞ்சும் வண்டிக்கு இதில் கஞ்சத்தனம் எதற்கு?

சோக் இழுத்தால் ஓடும், விட்டால் அணையும் என்றால் கார்புரேட்டரில் மெதுவோட்டத்துக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட் அடைப்பு. மயிரிழைத் துளை அது. ஊசியால் குத்தினால் பெரிதாகிவிடும். மின்கம்பியிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி விட்டார் அங்கிள், செம்பு மெத்து என்பதால்.

மொத்தம் 700 வெள்ளி (ரிங்கிட்) சொச்சம். இந்த வண்டிக்கு ரோட் டேக்ஸ் பெரிய செலவில்லை, ஆனால் முதலில் இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும்.

ஒன்றரை வருஷத்தில் ஏறக்குறைய 17,000 கிலோமீட்டர். தினமும் பினாங்குப் பாலம் ஏறி, தீவில் உள்ள பாயான் லெப்பாஸில் வேலைக்கு. 2019லிருந்து அங்கே மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை, லிட்டருக்கு 45 கிலோமீட்டருக்குக் குறையவும் இல்லை. ஆனால் பாலத்து நடுவில் குறுக்குக் காற்று அடித்தால் இந்தக் கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) காகிதம் மாதிரி ஆடும். 70க்கு மேல் போக எனக்குத் துணிச்சல் கிடையாது.

இன்ஜின் ஒருநாளும் மக்கர் செய்யவில்லை. ரப்பர்தான் தவணை முறையில் பழிவாங்கியது. மூன்றாம் மாதம் கியர் ஷாஃப்ட் ஆயில் சீல் கசிந்தது. அப்புறம் பெட்ரோல் ஹோஸ். மழையில் மட்டும் இன்ஜின் விக்கிய மர்மத்துக்கு ஒரு வாரம் மண்டை காய்ந்தது. பிளக் கேப்பில் வெடிப்பு! டேங்க் துரு இன்னமும் வருகிறது, ஃபில்டரை அடிக்கடி மாற்றுகிறேன். எல்லா ரப்பரையும் முதல் நாளே மாற்றியிருந்தால் 60 வெள்ளிக்குள் முடிந்திருக்கும்.

போன வாரம் மீட்டர் கேபிள் அறுந்தது. புதுசு வாங்கியாயிற்று, ஞாயிறு மழை விட்டால் மாட்டணும். அதுவரை வேகத்தை அப்பா மாதிரி காதால்தான் கணக்குப் பண்ணுகிறேன்.