ஈலைஃப் ஆய்விதழின் மதிப்பாய்வுச் சேவை: வாசகருக்கு வரவு, கட்டுரையாளருக்குச் சற்று யோசனை

உயிரியல், மருத்துவ ஆய்வுகளை வெளியிடும் ஈலைஃப், 2023 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய முறையில், துறை வல்லுநர்கள் படித்துக் கருத்துச் சொல்லும் மதிப்பாய்வுக்குப் பிறகு எந்தக் கட்டுரையையும் ஏற்பதுமில்லை, நிராகரிப்பதுமில்லை. மதிப்பாய்வுக்கு எடுத்துக்கொண்ட கட்டுரை, மதிப்பாய்வாளர்களின் அறிக்கைகளோடும் ஒரு சுருக்கமான மதிப்பீட்டோடும் எவரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் வெளியாகிவிடுகிறது. அதன்பின் திருத்துவதும், இருப்பதையே இறுதி வடிவமாக அறிவிப்பதும் கட்டுரையாளரின் விருப்பம்.

வாசகருக்கு இதில் கிடைப்பது ஏராளம். வழக்கமான ஆய்விதழ்கள் பலவற்றில், இரண்டு மூன்று வல்லுநர்கள் எழுப்பிய ஐயங்கள் பதிப்பாசிரியரின் கோப்பிலேயே தங்கிவிட, அச்சான கட்டுரை மட்டும் குறையேதும் இல்லாததுபோல் நம் முன் நிற்கும். இங்கோ, ஒப்பீட்டுச் சோதனை போதவில்லை, மாதிரிகள் குறைவு என்பன போன்ற ஆட்சேபங்களையும், கட்டுரையாளர்கள் பதில் தந்திருந்தால் அதையும், கட்டுரையோடு சேர்த்தே படிக்க முடிகிறது. ஓர் ஆய்வைக் குடைந்து பார்க்கப் பழக வேண்டிய முதுகலை மாணவர்களுக்கு இந்த அறிக்கைகளையே பாடமாக வைக்கலாம். மதிப்பாய்வாளர்கள் தமக்குள் கலந்து பேசும் வழக்கமும் இங்கு உண்டு என்பதால், ஒருவர் கேட்பதை மற்றவர் மறுக்கும் குழப்பம் குறைய வாய்ப்புண்டு.

மதிப்பீட்டில் கண்டுபிடிப்பின் முக்கியத்துவத்துக்கும் சான்றின் வலிமைக்கும் தனித்தனித் தரவரிசைகள் உள்ளன. சான்று ‘போதாது’ என்று வெளிப்படையாகவே சொல்லும் இதழ், முக்கியத்துவத்தில் மட்டும் ‘பயனுள்ளது’ என்பதற்குக் கீழே இறங்குவதில்லை. இந்தத் தாராளம் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. மதிப்பாய்வுக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதைப் பதிப்பாசிரியர்களே தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தின் காரணங்கள் வாசகர் கண்ணில் படுவதில்லை. ஆகவே நிராகரிப்பு ஒழியவில்லை, முன்வாசலுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

புதிய முறை தொடங்கியபோது, கட்டுரையாளரிடம் பெறும் கட்டணம் 3,000 டாலரிலிருந்து 2,000 டாலராகக் குறைக்கப்பட்டது. நிதியில்லாதவர்கள் விலக்குக் கோரலாம். ஆனால் ஆய்விதழ்களைப் பட்டியலிடும் வெப் ஆஃப் சயன்ஸ் தரவுத்தளத்தை நடத்தும் கிளாரிவேட் நிறுவனம், இந்த முறையைக் காரணம் காட்டி 2024 இறுதியில் எடுத்த முடிவால், ஈலைஃப் தன் இம்பாக்ட் ஃபேக்டரை, அதாவது இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைச் சொல்லும் எண்ணை, இழந்தது. அந்த எண்ணைப் பார்த்தே பணி நியமனமும் பதவி உயர்வும் தரும் நிறுவனத்தில் இருப்பவர், கட்டுரையை அனுப்புமுன் துறைத்தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் தயங்காமல் அனுப்பலாம்.